‘மூன்றாம் நபர்’ யார்? மோட்டார் இன்சூரன்ஸில் ஆபத்தின் விலை குறித்து

வண்டி ஓட்டுகிறவர்களில் யார் ஆபத்தானவர்? போலீஸ் இதை ஒரு விதமாகக் கேட்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி வேறு விதமாகக் கேட்கிறது. பண்பொழி பஸ் ஸ்டாப்பில் வண்டிக்குக் காத்து நிற்கிற கூலிக்காரப் பெண் கேட்பது மூன்றாவது விதம். முதல் இரண்டு கேள்விகளுக்கும் சட்டம் இருக்கிறது, படிவம் இருக்கிறது, கட்டண அட்டவணை இருக்கிறது. மூன்றாவது கேள்விக்குப் பதில் விபத்து நடந்தபிறகுதான் தெரியவருகிறது, அதுவும் கோர்ட்டில். ‘நகரத்து ஓட்டுநர் அதிக ஆபத்தானவர், ஆகவே அவர் அதிகப் பிரீமியம் கட்டவேண்டும்’ என்பது உலகம் முழுக்கக் கார் இன்சூரன்ஸ் பேசுகிற பேச்சு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே ஆபத்து என்று சொல்லப்படுவது எது? ரோட்டில் நடந்துபோகிற உடம்புக்கு நேர்கிற ஆபத்தா, கம்பெனியின் பேரேட்டுக்கு நேர்கிற ஆபத்தா? இரண்டும் ஒன்றுதான் என்று நம்மை நம்பவைத்ததில்தான் இன்சூரன்ஸ் என்கிற சொல்லாடலின் வெற்றி இருக்கிறது.

பண்பொழியை எடுத்துக்கொள்வோம். ஏட்டில் பைம்பொழில், ஊர்க்காரர் வாயில் பம்புளி. திருமலைக்கோயில் குன்றுக்குக் கீழே வயலும் தோப்புமாகக் கிடக்கிற பேரூர். ஒரு பக்கம் செங்கோட்டை, இன்னொரு பக்கம் வடகரை, அச்சன்புதூர், மேற்கே அடவிநயினார் அணைக்கட்டு இருக்கிற மேக்கரை. செங்கோட்டையைத் தாண்டினால் புளியரை, அதற்கப்பால் மலையேறிக் கேரளத்துக்குள் போகிற ரோடு. குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் மெட்ராஸ், மதுரைக் கார்கள் வரிசையாக வந்து நிற்கும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வேன்கள். வருஷம் முழுக்கக் கேரளத்துக்குச் சரக்கேற்றிப் போகும் லாரிகள். இவற்றுக்கு நடுவில், விடியற்காலையில் நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற லோடு ஆட்டோக்கள், டிராக்டர்கள், ‘குட்டியானை’ என்று எல்லாரும் சொல்கிற சிறிய சரக்கு வண்டிகள்.

இதே ரோட்டில் இரண்டு ஓட்டுநர்களைப் பார்க்கலாம். ஒருவர் சென்னையில் பதிவான சொந்தக் காரில் அருவிக்குக் குளிக்க வந்தவர். இன்னொருவர் டி.என். 76 போட்ட குட்டியானையில் பின்னால் இருபது பேரை நிற்கவைத்து ஓட்டுகிறவர். இன்சூரன்ஸ் கணக்கில் இந்த இருவரும் எங்கே நிற்கிறார்கள்?

2002 ஜூலையில் அமலுக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண அட்டவணை, தனியார் கார்களுக்கு நாட்டை இரண்டு மண்டலமாகப் பிரித்தது. சென்னை, மும்பை, தில்லி, கல்கத்தா, பெங்களூர், ஹைதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டு நகரங்கள் ‘ஏ’ மண்டலம். மீதி இந்தியா முழுவதும் ‘பி’. ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட, ஐந்து வருஷத்துக்கு மேற்படாத காருக்குச் சொந்தச் சேத பிரீமியம் ‘ஏ’யில் காரின் மதிப்பில் 3.127 சதவீதம், ‘பி’யில் 3.039 சதவீதம். நாலு லட்ச ரூபாய்க் காருக்கு வித்தியாசம் 352 ரூபாய். நகரத்து ஆபத்து என்று அட்டவணை கண்டுபிடித்தது வருஷத்துக்கு இவ்வளவுதான். அதுவும் பதிவான ஊரை வைத்துத்தான். தென்காசியில் பதிவான காரைத் தினமும் அண்ணா சாலையில் ஓட்டினாலும் அது ‘பி’தான். ஓட்டுகிறவரின் வயசோ, பழக்கமோ, அவர் எத்தனைபேரை இடித்தார் என்பதோ கணக்கில் இல்லை. க்ளெய்ம் கேட்காத வருஷங்களுக்கு 20-இலிருந்து 50 சதவீதம்வரை தள்ளுபடி உண்டு. அது ஒழுங்காக ஓட்டியதற்கான பரிசு அல்ல, கம்பெனியைத் தொந்தரவு செய்யாததற்கான பரிசு. 2007 ஜனவரியிலிருந்து சொந்தச் சேதத்துக்கு என்ன விலை வைப்பது என்பது கம்பெனிகளின் இஷ்டம் என்றாகிவிட்டது.

ஆனால் கட்டாயமான ‘தர்ட் பார்ட்டி’ பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான அறிவிப்பின்படி ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட சொந்தக் காருக்கு 2,094 ரூபாய். 1,500 சி.சி.க்கு மேற்பட்ட பெரிய காருக்கு 7,897. குட்டியானைக்கு? 7,500 கிலோவரை எடையுள்ள சரக்கு வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே விலை: 16,049. அதாவது ஏழு டன் லாரியும் ஒன்றரை டன் குட்டியானையும் ஒரே பட்டியில். இவ்வளவு கட்டுகிற வண்டியின் பின்னால் நிற்கிற அந்த இருபது பேருக்கு, வண்டி குடைசாய்ந்தால், அந்த இன்சூரன்ஸில் பாத்தியதை கிடையாது. குளிக்க வந்த கார் ரோட்டோரம் நடக்கிற ஆளை இடித்தால் அவருக்கு முழு இழப்பீடு உண்டு. குட்டியானையில் ஏறி நின்றதால் மட்டும் அதே ஆள் கணக்கிலிருந்து மறைந்துபோகிறார். இந்த மறைவு எப்படி நிகழ்ந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ரயில் ஓடத் தொடங்கிய இரண்டாவது வருஷம், 1855-ல், பிரிட்டிஷ் இந்தியா ஓர் உயிரிழப்பு விபத்துச் சட்டம் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 1846-ல் வந்ததன் நகல். ஒருவரின் தவறால் இன்னொருவர் செத்தால் செத்தவரின் மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகளுக்காக நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். மரணம் பணமாக மொழிபெயர்க்கப்படலாம் என்று நமது சட்டம் ஒத்துக்கொண்ட இடம் இது. ஆனால் சிவில் கோர்ட்டில் கோர்ட் ஃபீஸ் கட்டி, தவறை நிரூபித்து, ஜெயித்து, அப்புறம் இடித்தவரிடம் பணம் இருக்கவேண்டும். இந்தக் கடைசிச் சிக்கல்தான் கட்டாய இன்சூரன்ஸை உருவாக்கியது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1927-ல் அதை அமல்படுத்தியது. பிரிட்டனில் 1930-ஆம் வருஷச் சாலைப் போக்குவரத்துச் சட்டம். இங்கே 1936-37-ல் ஒரு மோட்டார் வாகன இன்சூரன்ஸ் குழு உட்கார்ந்தது, 1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. ஆனால் அதில் கட்டாய இன்சூரன்ஸ் பற்றிய எட்டாவது அத்தியாயம் மட்டும் 1946 ஜூலை 1 வரை தூங்கிக்கொண்டிருந்தது. லைசென்ஸ், பர்மிட் போன்ற அரசுக்கு வேண்டியவை உடனே. ரோட்டில் அடிபடுகிறவனுக்கு வேண்டியது ஏழு வருஷம் கழித்து. (செங்கோட்டைத் தாலுகா அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். பிரிட்டிஷ் இந்தியச் சட்டம் அங்கே தானாகச் செல்லாது. 1956 நவம்பர் 1-ல்தான் அது மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தது. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று இருந்தது, அதைத் தாண்டினால் அடிபட்டவரின் சட்டமும் மாறிவிடும்.)

இந்தச் சட்டத்தின் மையத்தில் இருப்பவர்தான் ‘மூன்றாம் நபர்’. பாலிசி எடுத்த வண்டிக்காரர் முதல் நபர், கம்பெனி இரண்டாம் நபர். இந்த இருவரின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத, அது இருப்பதே தெரியாத, ரோட்டில் நிற்கிற யாரோ ஒருவர் மூன்றாம் நபர். ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கிறவருக்கு ஒப்பந்தத்தின் பலன் போகவேண்டும் என்பது முதலாளியச் சட்டவியலில் சாதாரணக் காரியம் அல்ல. கம்பெனி தப்பிக்க முடியாதபடி, அது எந்தெந்த வாதங்களைக் கிளப்பலாம் என்பதைக்கூடச் சட்டம் வரம்பு கட்டியது. 1959-ல் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பை உறுதிசெய்தது. அன்றிலிருந்து இன்றுவரை கம்பெனிகளின் வழக்காடல் முழுவதையும் ஒரே கேள்வியாகச் சுருக்கிவிடலாம்: இந்தப் பிணம் மூன்றாம் நபரா இல்லையா?

கம்பெனிகள் என்று பொதுவாகச் சொல்லிப் போய்விடக் கூடாது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு குடும்ப வரலாறும் உண்டு. பஸ் ஓட்டிய டி.வி.எஸ். குழுமத்துக்கு ‘மெட்ராஸ் மோட்டார் அண்ட் ஜெனரல் இன்சூரன்ஸ்’ என்கிற கம்பெனியும் இருந்தது. அந்தக் கம்பெனி முன்னின்று 1954-ல் தொடங்கியதுதான் லாரி, பஸ்களுக்குக் கடன் கொடுத்த சுந்தரம் ஃபைனான்ஸ். வண்டியும் கடனும் இன்சூரன்ஸும் ஒரே வீட்டு வாசலில். 1972-ல் பொது இன்சூரன்ஸ் தேசியமயமானது. 107 கம்பெனிகள் நாலாகச் சுருங்கின. தெற்கில் இருந்தவை மெட்ராஸைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியாவுக்குள் வந்தன. 1994-ல் மல்கோத்ரா கமிட்டி தனியாருக்குக் கதவைத் திறக்கச் சொன்னது. 2000 அக்டோபரில் திறந்த கதவு வழியாக முதலில் உள்ளே வந்தவற்றில் ஒன்று ராயல் சுந்தரம், அதாவது பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றோடு கைகோத்த அதே சுந்தரம் ஃபைனான்ஸ். இருபத்தெட்டு வருஷம் கழித்து மூதாதையர் வீட்டுக்குத் திரும்பியமாதிரி.

மூன்றாம் நபரின் விலை இதற்கிடையில் எப்படி இருந்தது? சரக்கு வண்டி எத்தனைபேரைக் கொன்றாலும் கம்பெனியின் பொறுப்பு மொத்தம் 20,000 ரூபாய் என்று 1939 சட்டம் உச்சவரம்பு வைத்தது. 1969-ஆம் வருஷத் திருத்தம் அதை 50,000 ஆக்கியது. 1982-ல் ஒன்றரை லட்சம். இதற்கு மேலே கோர்ட் போட்டால் வண்டிக்காரரிடம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வாங்க முடியாது என்பது வேறு விஷயம். 1956 திருத்தத்தின்படி விபத்துக்கென்று தனித் தீர்ப்பாயம் வந்தது. கோர்ட் ஃபீஸ் சுமை குறைந்தது. ஆனால் ஓட்டுநரின் தவறை நிரூபித்தாக வேண்டும் என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது. விதவை வந்து, தான் பார்க்காத விபத்தில் லாரி எந்தப் பக்கம் வந்தது என்று சாட்சி சொல்லவேண்டும். அடுத்தடுத்த வருஷங்களில் வி.ஆர். கிருஷ்ணய்யர், தவறு யாருடையது என்று பாராமல் இழப்பீடு கொடுக்கிற சட்டம் வேண்டும் என்று தீர்ப்புகளில் மறுபடி மறுபடி எழுதினார். 1982-ல் அது ஒரு குட்டித் தொகையாக வந்தது: சாவுக்கு 15,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500. 1989 ஜூலை 1 முதல் அமலான 1988-ஆம் வருஷச் சட்டம்தான் உயிர்ச்சேதத்துக்கான உச்சவரம்பை ஒழித்தது. இதைச் சாதாரணச் சீர்திருத்தம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. உழைக்கிற சனங்களுக்கு இந்தியச் சட்டம் கொடுத்த பெரிய விஷயங்களில் இதுவும் ஒன்று. ஊர்வலம் எதுவும் இதற்காகப் போகவில்லை என்பதால் நம் தோழர்கள் இதைக் கவனிக்காமல் விட்டார்கள்.

1994-ல் இன்னொன்று வந்தது, அது இன்னும் விசித்திரமானது. சட்டத்தோடு ஒரு அட்டவணை ஒட்டப்பட்டது. மேலே வருஷ வருமானம், பக்கத்தில் வயசு, நடுவில் உயிரின் விலை. வருஷ வருமானம் 40,000-க்குள் இருப்பவருக்குத்தான் அட்டவணை. வருமானமே இல்லாதவருக்கு வருஷம் 15,000 என்று வைத்துக்கொள்ளலாம். மனைவி என்றால் கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. உயிரோடு இருந்தால் தனக்கென்று செலவழித்திருப்பார் என்று மூன்றில் ஒரு பங்கு கழிவு. அப்படியானால் பத்து வயசுப் பையனுக்குப் பதினைந்தாயிரத்தைப் பதினைந்தால் பெருக்கி, மூன்றில் ஒன்றைக் கழித்தால், ஒன்றரை லட்சம். இந்த அட்டவணையில் கூட்டல் பெருக்கல் தப்புகள் இருக்கின்றன என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. பாராளுமன்றம் நிறைவேற்றிய கணக்குத் தப்பு 2018 மே வரை சட்டமாகவே இருந்தது. அந்தப் பதினைந்தாயிரமும் இருபத்துநாலு வருஷம் நகரவே இல்லை. அரிசி விலை மட்டும் நகர்ந்தது.

இது பண்பொழிப் பக்கம் என்ன அர்த்தப்படுகிறது? தென்காசி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பீடித் தட்டு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அதற்கு நடுவே சமையல், மாடு, வயல், பிள்ளை. இவர் செத்தால் இவருக்கு வருமானம் உண்டா, இல்லை இவர் ‘மனைவி’யா? சம்பளச் சான்று கேட்டால் என்னத்தைக் காட்ட? வீட்டுவேலைக்கு மாசம் 3,000 ரூபாயாவது மதிப்புப் போடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் சொன்னது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டுப் பெண்களைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் சேர்த்து உற்பத்தி செய்யாதவர் பட்டியலில் வைத்ததை 2010-ல் கடிந்துகொண்டது. 2014-ல், காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரிக்கு ரசீது எதுவும் இல்லாமலே மாசம் 6,500 வருமானம் என்று ஏற்றுக்கொண்டது. நல்லதுதான். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாக தில்லிவரை போய் வாங்கவேண்டியிருந்தது. தென்காசியில் கேஸ் நடத்துகிறவர் ‘நோஷனல்’ என்று ஒரு தொகையில் நின்றுவிடுகிறார். கற்பனை வருமானம் என்று தமிழில் சொன்னால் அந்தச் சொல்லின் குரூரம் தெரியும். உழைப்பு நிஜம், வருமானம் கற்பனை.

இப்போது குட்டியானைக்குத் திரும்புவோம். சரக்கு வண்டியில் போகிறவர் மூன்றாம் நபரா? 1988 சட்டத்தின் வாசகம் இதில் தெளிவில்லாமல் இருந்தது. 1994 நவம்பரில் அமலான திருத்தம் ஒரு சொற்றொடரைச் சேர்த்தது: வண்டியில் செல்லும் சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவரால் அனுப்பப்பட்டவருக்கும் காப்பு உண்டு. இலவசப் பயணிகளுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு 1999-ல் தாராளமாகப் பொருள் சொன்னது. 2002 டிசம்பரில் வந்த ‘ஆஷா ராணி’ வழக்குத் தீர்ப்பு அதைத் தூக்கி எறிந்தது. சரக்கு வண்டி சரக்குக்காக. அதில் ஏறிய ஆளுக்குச் சட்டப்படி கம்பெனி பொறுப்பல்ல. வண்டியின் சொந்தத் தொழிலாளி என்றால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அளவுக்குக் கிடைக்கும். நடவுக்குப் போகிற பெண் வண்டிக்காரரின் தொழிலாளி அல்லவே, வயல்காரரின் கூலி.

இதன் விளைவு கோர்ட்டில் ஒரு வினோதமான நாடகம். செத்தவரோடு சரக்கு இருந்ததா? என்ன சரக்கு, எத்தனை மூட்டை? அது அவருடையதா, முதலாளியுடையதா? ஒரு வாழைத்தார், ஒரு சாக்குத் தேங்காய், ஒரு கூடைக் காய்கறி இருந்தால் மனுஷி சரக்கின் சொந்தக்காரியாகிவிடுகிறார், உயிருக்கு விலை வந்துவிடுகிறது. கையில் மண்வெட்டியும் தூக்குவாளியும் மட்டும் இருந்தால் விலை இல்லை. பண்டத்தின் நிழலில் ஒண்டிக்கொண்டால்தான் மனித உயிர் சட்டத்தின் கண்ணில் படும். மார்க்ஸ் பண்டங்களின் மாய வழிபாடு பற்றிச் சொன்னதை விளக்க இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தேவையில்லை.

‘சரக்கு வண்டியில் ஆள் ஏத்தக்கூடாதுன்னு ரூல் இருக்குல்லா, ஏன் ஏறுறாங்க?’ என்று கேட்பவர்கள் உண்டு. விடியற்காலை ஐந்து மணிக்கு மேக்கரைப் பக்கத்து வயலுக்கு எந்த பஸ் போகிறது? ஏறாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. தண்டனை வண்டிக்காரருக்கும் பர்மிட்டுக்கும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அது ஏறியவரின் பிள்ளைகள்மேல் விழுகிறது. சில வழக்குகளில் 2004-இலிருந்து உச்ச நீதிமன்றம் ஒரு நடுவழி கண்டது: கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். இது உரிமை அல்ல, நீதிபதி கொடுத்தால் உண்டு.

ஓட்டுநர் பக்கம் வருவோம். ‘ஆபத்தான ஓட்டுநர்’ என்கிற உருவம் நமது சட்டத்தில் பிரீமியமாக வரவில்லை, வாதமாக வந்தது. லைசென்ஸ் இல்லை, போலி, காலாவதி, வேறு வகை வண்டிக்கானது என்று எதையாவது காட்டிக் கம்பெனி கையை உதறப் பார்க்கும். டிரைவர் இறங்கிப்போன நேரத்தில் க்ளீனர் லாரியை எடுத்து இடித்த குஜராத் வழக்கில், வண்டிக்காரர் வேண்டுமென்றே விதிமீறாதபோது கம்பெனி தப்ப முடியாது என்று 1987-ல் தீர்ப்பானது. 2004-ல் போலி லைசென்ஸ் விஷயத்திலும் ஏறக்குறைய அதே நிலை. கடைசியாக வந்தது குட்டியானையின் விஷயம். கார் ஓட்டுகிற இலகு ரக லைசென்ஸை வைத்துக்கொண்டு 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை, சரக்கு வண்டியை ஓட்டலாமா? 2017-ல் ஓட்டலாம் என்றது உச்ச நீதிமன்றம். கம்பெனிகள் விடவில்லை. இப்படிப்பட்ட ஓட்டுநர்களால்தான் விபத்து பெருகுகிறது என்று அரசியல் சாசன அமர்வுவரை வந்தன. 2024 நவம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகள், இவர்களால்தான் விபத்து என்பதற்குப் புள்ளிவிவரம் எதையும் யாரும் முன்வைக்கவில்லை என்று குறிப்பிட்டு ஓட்டலாம் என்பதையே உறுதிசெய்தார்கள். கவனியுங்கள். புள்ளிவிவரத்தின் மேல்தான் நிற்கிறோம் என்று சொல்கிற தொழில், ஓர் உழைக்கும் பிரிவையே ஆபத்தானது என்று சொன்னபோது கையில் புள்ளிவிவரம் இல்லாமல் சொன்னது.

ஃபூக்கோவின் வட்டத்தைச் சேர்ந்தவர்கள் இந்த இடத்தில் நமக்கு உதவுவார்கள். ஃபிரான்சுவா எவால்ட், ஆபத்து என்பது உலகில் கிடக்கிற ஒரு பொருள் அல்ல, இன்சூரன்ஸ் பார்க்கிற விதத்தில் எதுவும் ஆபத்தாக ஆக்கப்படலாம் என்கிறார். ரொபேர் காஸ்தெல், ‘ஆபத்தான ஆள்’ என்பதிலிருந்து ‘ஆபத்துக் கூறுகள்’ என்பதற்கு அதிகாரம் நகர்ந்ததை எழுதினார். ஆள் தப்புச் செய்யவேண்டியதில்லை, அவர் எந்தக் கட்டத்தில் விழுகிறார் என்பது போதும். அமெரிக்க நகரங்களில் இது வெளிப்படையாக நடந்தது. கம்பெனிகள் வேண்டாம் என்று தள்ளுகிறவர்களைப் பங்குபோட்டு ஏற்கும் திட்டங்கள் அங்கே 1930-களின் கடைசியில் தொடங்கின. தபால் எண்ணை வைத்து விலை போட்டதால் லாஸ் ஏஞ்செல்ஸின் கறுப்பர், லத்தீன் மக்கள் பகுதிகளில் இருந்தவர்கள், விபத்தே செய்யாதவர்களும், கூடுதலாகக் கட்டினார்கள். 1988 நவம்பரில் கலிஃபோர்னியா வாக்காளர்கள் 103-ஆம் முன்மொழிவை நிறைவேற்றி, முதலில் ஓட்டுநரின் நடத்தையைப் பார், ஓட்டும் தூரத்தைப் பார், அனுபவத்தைப் பார், இடத்தைப் பிறகு பார் என்று கட்டளையிட்டார்கள். இன்சூரன்ஸ் விலை ஓட்டுப் பெட்டிக்கு வந்தது! நம் ஊரில் அது பட்ஜெட் காலத்துப் பெட்டிச் செய்தியாகக்கூட வருவதில்லை.

இங்கேயும் தள்ளப்பட்டவர்களுக்கென்று ஒரு கிடங்கு இருந்தது. சரக்கு, வாடகை வண்டிகளுக்குத் தர்ட் பார்ட்டி பாலிசி கொடுக்கக் கம்பெனிகள் தயங்கியதால், 2007 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து நஷ்டத்தைப் பகிரும் ஒரு பொதுத் தொகுப்பு ஏற்பட்டது. அது 2012 மார்ச்சில் கலைந்து, ‘மறுக்கப்பட்ட ஆபத்துகளின் தொகுப்பு’ என்று வேறு பெயரில் இன்னும் நாலு வருஷம் ஓடியது. மறுக்கப்பட்ட ஆபத்து என்றால் பழைய லாரிதான், வாடகை வேன்தான். வங்கிக் கடன் தீர்ந்து, ‘ஃபுல் கவர்’ போடக் காசில்லாமல், எஃப்.சி.க்காகத் தர்ட் பார்ட்டி மட்டும் போடவருகிற சின்ன வண்டிக்காரர். அவரைக் கண்டால் கவுண்டரில் ‘சிஸ்டம் வேலை செய்யல அண்ணாச்சி, நாளைக்கு வாங்க’ என்பார்கள்.

நகரத்துக் கார்க்காரர்களும் இதில் முழுக்கப் பாதுகாப்பாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தர்ட் பார்ட்டி மட்டும் போட்ட சொந்தக் காரில் உடன் வருகிறவருக்குக் காப்பு கிடையாது. இப்படி ஒரு மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். வைத்தியநாதன், 2021 ஆகஸ்டில், செப்டம்பர் 1 முதல் விற்கும் புது வண்டிகளுக்கு ஐந்து வருஷத்துக்கு ‘பம்பர் டு பம்பர்’ காப்பு கட்டாயம், ஓட்டுநரும் பயணிகளும் சொந்தக்காரரும் அதில் அடங்கவேண்டும் என்று உத்தரவிட்டார். கம்பெனிகள் திணறின, கார் விற்பனையாளர்கள் அலறினார்கள், செப்டம்பரிலேயே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. பத்திரிகைகள் அதைப் பிரீமியம் ஏறும் செய்தியாகவே எழுதின. வண்டிக்குள் இருக்கிறவர் ஏன் மூன்றாம் நபர் இல்லை என்று நீதிபதி எழுப்பிய நல்ல கேள்வி விலைப் புலம்பலில் அமுங்கிப்போனது. அதற்கு முன்னால் 2018-ல், கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், புதுக் காருக்கு மூன்று வருஷமும் புது டூவீலருக்கு ஐந்து வருஷமும் சேர்த்தே தர்ட் பார்ட்டி போடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலிசியைப் புதுப்பிக்காமல் ஓடுகிற டூவீலர்களுக்கான மருந்து அது. ஆனாலும் ரோட்டில் ஓடுவதில் ஏறக்குறையப் பாதி வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் இல்லை என்கிறார்கள். 2022-ல் நாட்டிலேயே அதிகமாக 64,105 விபத்து நடந்து, 17,884 பேர் செத்த மாநிலம் நம்முடையது.

இப்போது புதிதாக வருவது ‘எப்படி ஓட்டுகிறாயோ அப்படிக் கட்டு’ திட்டம். 2021-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் குழு ஒன்று, போக்குவரத்து விதிமீறலுக்குத் தனிப் பிரீமியம் வைக்கலாம் என்றது. 2022 ஜூலையில், ஓட்டிய தூரத்தையும் விதத்தையும் கருவி வைத்து அளந்து சொந்தச் சேதத்துக்கு விலை போட ஆணையம் அனுமதித்தது. மெதுவாக ஓட்டுகிற, குறைவாக ஓட்டுகிற, இரவில் ஓட்டாத நகரத்து நடுத்தர வர்க்கக் கார்க்காரருக்கு இது லாபம். இரவெல்லாம் புளியரை மலையேறிப் போகிறவர், ஓட்டினால்தான் சோறு என்கிறவர், இதே அளவுகோல் அவர் வண்டிக்கும் வந்தால், ஒவ்வொரு பிரேக்குக்கும் பதில் சொல்லவேண்டியிருக்கும். சரக்கைக் காலை ஆறு மணிக்குள் இறக்கச் சொன்ன வியாபாரியின் அவசரம் எந்தக் கருவியிலும் பதிவாகாது.

2019-ஆம் வருஷத் திருத்தத்தின் இன்சூரன்ஸ் பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் அமலானது. இடித்துவிட்டு ஓடிப்போன வண்டியால் செத்தவருக்கு இரண்டு லட்சம் என்றாகியிருக்கிறது, முன்பு 25,000. தவறு யாருடையது என்று பாராமல் சாவுக்கு ஐந்து லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். முதலில் வந்த 2016 மசோதாவில் கம்பெனியின் பொறுப்புக்குப் பத்து லட்சம் என்று மறுபடி உச்சவரம்பு எழுதியிருந்தார்கள். எதிர்ப்பு வந்து அது போயிற்று. ஆனால் 1994-ல் ஒழிக்கப்பட்ட ஒரு கெடு சத்தமில்லாமல் திரும்பி வந்திருக்கிறது: விபத்து நடந்த ஆறு மாசத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும். இது செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. முதல் மாசம் ஆஸ்பத்திரியிலும் காரியத்திலும் போகிறது. அடுத்த இரண்டு மாசம் எஃப்.ஐ.ஆர். நகலுக்கும் பிரேதப் பரிசோதனைச் சான்றுக்கும் ஏட்டையா பின்னால் அலைவதில் போகிறது. அப்புறம் வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸ். இதற்கிடையில் பீடி சுற்றியாக வேண்டும், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. வக்கீல் வீட்டுக்கு ஒரு வழியாகப் போய்ச் சேரும்போது அவர் கேட்கிற முதல் கேள்வி, விபத்து நடந்து எத்தனை மாசம் ஆச்சு? இரண்டாவது கேள்வி, வண்டியில் போனபோது கையில் ஏதாவது சரக்கு இருந்துச்சா?